வெள்ளத்தில் தலைவரின் முகமும் மதகின் கணக்கும்

ஒரு பேரிடர் வந்தால் ஆட்சியில் இருப்பவரைப் பற்றி இரண்டு கணக்குகள் ஓடத் தொடங்கும். ஒன்று, அவர் எப்படித் தெரிந்தார் என்பது: களத்துக்குப் போனாரா, கண் கலங்கினாரா, முழங்கால் நீரில் இறங்கினாரா, ஹெலிகாப்டரிலேயே சுற்றிவிட்டுத் திரும்பினாரா. இதைப் பிம்பம் என்கிறோம். இன்னொன்று, அவருடைய அரசு என்ன செய்தது என்பது: எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்தது, முடிவு எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, படகு எப்போது போய்ச் சேர்ந்தது, பணம் எந்த மாதம் கைக்கு வந்தது. இது செயல்பாடு.

பிம்பம் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் முடிவாகிவிடும். கேமரா போகக்கூடிய இடங்களில்தான் அது உருவாகிறது. செயல்பாட்டின் பெரும்பகுதியோ பேரிடருக்கு மாதக்கணக்கில் முன்னாலும், வாரக்கணக்கில் பின்னாலும், கேமரா எட்டிப் பார்க்காத அலுவலகங்களில் நடக்கிறது. அதனால் ஒன்றை வைத்து மற்றொன்றை அளந்தால் தப்பான ஆளைப் பாராட்டுவோம். சரியான ஆளையே திட்டினாலும் தப்பான காரணத்துக்காகத் திட்டுவோம். இந்த இரண்டாவது தப்பு எப்படி நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் கத்ரீனா புயல் நல்ல பாடம்.

ஜன்னலோரப் படம்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா லூசியானா கரையைக் கடந்தது. வெள்ளத் தடுப்புக் கரைகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. அப்போது டெக்சாஸில் விடுமுறையில் இருந்த அதிபர் ஜார்ஜ் புஷ், 31-ஆம் தேதி வாஷிங்டன் திரும்பும் வழியில் தன் விமானத்தை நகரத்தின் மேல் தாழப் பறக்கச் செய்தார். ஜன்னல் வழியாக அவர் கீழே பார்க்கும் படம் வெளியானது. கூரை மேல் நின்று கையசைத்துக்கொண்டிருந்த மக்களுக்கும் மெத்தை நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் தலைவருக்கும் உள்ள தூரம் ஒரே சட்டகத்தில் பதிந்துவிட்டது. அந்தப் படம் ஒரு தவறு என்று பிற்காலத்தில் புஷ்ஷே ஒப்புக்கொண்டார்.

ஆனால் அன்று அவர் தரையிறங்கியிருந்தால் யாராவது கூடுதலாகப் பிழைத்திருப்பார்களா? இருக்காது. அதிபர் இறங்கினால் காவலர்கள் அவரைச் சூழ்வார்கள், வான்வெளி மூடப்படும், மீட்பு ஹெலிகாப்டர்கள் காத்து நிற்கும். இறங்காததற்கு அவர் தரப்பு சொன்ன காரணம் இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. குற்றம் வேறு இடத்தில் இருந்தது.

2004 ஜூலையில், அதாவது புயலுக்கு ஓராண்டுக்கு முன்பே, 'பாம்' என்று பெயரிட்ட கற்பனைப் புயலை வைத்து லூசியானாவில் ஐந்து நாள் ஒத்திகை நடந்தது. நகரம் மூழ்கும் என்பது அதில் சொல்லப்பட்டது. சுமார் 1 லட்சம் பேரிடம் ஊரைவிட்டு வெளியேறச் சொந்த வாகனம் இல்லை என்பது திட்டமிடுபவர்களுக்குத் தெரிந்த விவரம். தொடர் பணிக்குப் பணம் போதாமல், அந்த ஒத்திகையை வைத்துத் தொடங்கிய மீட்புத் திட்டம் முழுமை பெறவில்லை. பேரிடர் நிவாரணத்துக்கான மத்திய முகமையான ஃபீமா, 2003-இல் பயங்கரவாதத் தடுப்பை முதன்மையாகக் கொண்ட உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் அடக்கப்பட்டது. ஃபீமாவின் தலைவர் மைக்கேல் பிரவுன் அதற்கு முன் அரேபியக் குதிரை வளர்ப்போர் சங்கம் ஒன்றில் பொறுப்பில் இருந்தவர்.

புயலுக்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 28 அன்று நடந்த காணொலிக் கூட்டத்தில் தேசியப் புயல் மையத்தின் இயக்குநர் மேக்ஸ் மேஃபீல்ட், கரைகளைத் தாண்டி நீர் வரக்கூடும் என்ற கவலையைச் சொன்னார். கூட்டத்தில் இருந்த புஷ் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அரசு முழுத் தயார் நிலையில் இருக்கிறது என்று மட்டும் உறுதி சொன்னார். மறுநாள் மாலை ஃபீமா அதிகாரி ஒருவர் ஹெலிகாப்டரிலிருந்து கரை உடைப்பை நேரிலேயே பார்த்தார். அந்தத் தகவல் வெள்ளை மாளிகைக்குப் போய்ச் சேர நள்ளிரவு ஆகிவிட்டது. நகரத்தின் மாநாட்டு மண்டபத்தில் ஏறத்தாழ 20,000 பேர் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்ததைத் தொலைக்காட்சிகள் காட்டிக்கொண்டிருந்த செப்டம்பர் 1 அன்று, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அமைச்சர் மைக்கேல் செர்டாஃப் தனக்கு அப்படித் தகவல் வரவில்லை என்று வானொலியில் சொன்னார்.

புஷ்ஷின் தோல்வி ஆகஸ்ட் 28 அன்று கேட்கப்படாத கேள்வியில் இருந்தது. மக்கள் நினைவில் நின்றதோ 31-ஆம் தேதிப் படம். அதே பேரிடரில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை 33,000-க்கும் மேற்பட்டவர்களை மீட்டது. முன்கூட்டியே ஹெலிகாப்டர்களைப் புயலின் பாதைக்கு வெளியே நிறுத்தி வைத்து, காற்று தணிந்ததும் உத்தரவுக்குக் காத்திராமல் கிளம்பியதால் கிடைத்த பலன் அது. அந்தப் படைக்கு யார் முகமும் தேவைப்படவில்லை.

நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் இதே மிசிசிப்பி ஆற்றங்கரை ஒரு தலைவரைத் தூக்கிவிடவும் செய்திருக்கிறது. 1927 பெருவெள்ளத்தில் நிவாரணப் பொறுப்பை ஏற்ற வணிகத்துறை அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர், பத்திரிகைகளையும் செய்திப் படங்களையும் கூடவே அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அடுத்த ஆண்டே அதிபர் தேர்தலில் வென்றார். கிரீன்வில் போன்ற இடங்களில் கறுப்பின மக்கள் துப்பாக்கி முனையில் முகாம்களில் அடைத்து வைக்கப்பட்டுக் கரை வேலைக்குப் பிடிக்கப்பட்டார்கள். அதை ஆராயக் கறுப்பினக் கல்வியாளர் ராபர்ட் மோட்டன் தலைமையில் குழு அமைத்தவரும் ஹூவர்தான், அதன் கசப்பான பகுதிகள் வெளியே வராமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

பேச்சு குறைவு, மண்டபம் அதிகம்

நம் நாட்டில் நேர் எதிர்ப்பக்கத்தைக் காட்டுவது ஒடிசா. 1999 அக்டோபர் 29 அன்று வந்த பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். முதல்வர் கிரிதர் கமாங் அந்த டிசம்பரில் பதவி விலகினார். அந்த ஆண்டு முடிவதற்குள் மாநிலம் தனக்கென்று ஒரு பேரிடர் மேலாண்மை அமைப்பை உருவாக்கியது. 2000 மார்ச்சில் முதல்வரான நவீன் பட்நாயக், மேடையில் ஒடியா மொழியைச் சரளமாகப் பேசக்கூடத் தடுமாறியவர். ஆர்ப்பாட்டமான பேச்சாளரும் இல்லை. ஆனால் அவர் காலத்தில் கரையோரம் நெடுகப் புயல் காப்பு மண்டபங்கள் எழுந்தன.

ஒரு மண்டபம் வேலை செய்ய என்னென்ன வேண்டும் என்று பார்த்தால் செயல்பாடு என்பதன் அர்த்தம் புரியும். கட்டடம் தூண்களின் மேல் நிற்க வேண்டும், அலை அடியில் ஓடிப்போக வழி இருக்கும்படி. முதியவர்கள் ஏறச் சாய்தளம் வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் வர மாட்டார்கள். மாடு ஆடுகளை எங்காவது பத்திரமாகக் கட்ட இடம் வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் ஓர் ஆள் காவலுக்குத் தங்கிவிடுவார். சாவி யாரிடம் என்பது ஊருக்கே தெரிய வேண்டும். சும்மா கிடக்கும் கட்டடம் நாலு வருடத்தில் பாழாகிவிடும் என்பதால் மற்ற நாட்களில் அது பள்ளிக்கூடமாகவும் ஊர்க்கூடமாகவும் பயன்பட வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் ஒத்திகை நடக்க வேண்டும். சாலையில் விழுந்த மரத்தை அறுக்கும் இயந்திரம் மாவட்டத் தலைநகரில் பூட்டிக் கிடக்காமல் மீட்புக் குழுவின் வண்டியிலேயே இருக்க வேண்டும். இதில் எதுவும் படத்துக்கு நன்றாக வராது.

2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். இறப்பு 50-க்கும் குறைவு. 2019 மே 3 அன்று ஃபானி பூரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன் ஒன்றிரண்டு நாளில் 12 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டார்கள், இறந்தவர்கள் 64 பேர். குறை இல்லாமல் இல்லை: பூரியிலும் சுற்றியும் பல வாரங்கள் மின்சாரம் வரவில்லை. உயிரைக் காக்கும் ஏற்பாடு வலுவாக இருந்தது, மின்கம்பத்தைக் காக்கும் ஏற்பாடு அந்த அளவுக்கு இல்லை.

இங்கே பிம்பத்துக்கு ஒரு நல்ல வேலையும் உண்டு. "வீட்டைப் பூட்டிவிட்டு வாருங்கள்" என்று அரசு சொன்னால் மக்கள் நம்பிக் கிளம்ப வேண்டும். போன தடவை மண்டபத்தில் கஞ்சி கிடைத்தது, திரும்பியபோது பொருள் களவு போகவில்லை, எச்சரித்தபடியே காற்று வந்தது என்ற அனுபவம்தான் அந்த நம்பிக்கையைத் தரும். தலைவர் மேல் உள்ள மரியாதை அதற்குத் துணை நிற்கும். அனுபவம் இல்லாத இடத்தில் மரியாதை மட்டும் ஒருவரையும் வீட்டைவிட்டுக் கிளப்பாது.

செம்பரம்பாக்கம்: ஸ்டிக்கரை விட்டுவிட்டு மதகைப் பாருங்கள்

2015 டிசம்பர் 1 அன்று சென்னையில் தொடங்கிய மழையில் மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. ஏற்கெனவே நவம்பர் முழுக்கக் கொட்டித் தீர்த்து, ஏரிகள் நிரம்பி, மண் ஊறிப்போயிருந்த நேரம். அடையாறு இரு கரையையும் தாண்டியது. விமான நிலையம் மூடப்பட்டது.

இந்த வெள்ளத்திலிருந்து மக்கள் நினைவில் நிற்கும் படங்கள் மூன்று. நிவாரணப் பொருட்களின் மேல் முதல்வர் ஜெயலலிதாவின் படம் போட்ட ஸ்டிக்கர். தன்னார்வலர்கள் வெளியூர்களிலிருந்து கொண்டுவந்த பொருட்களிலும் அதை ஒட்டச் சொல்லிக் கட்சிக்காரர்கள் மறித்ததாகப் பரவலாகப் புகார் எழுந்தது. இரண்டாவது, டிசம்பர் 3 அன்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டு, பிறகு நீக்கிய படம்: பிரதமர் மோடி பார்க்கும் விமான ஜன்னலில் வெள்ளக் காட்சியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது படம் அல்ல, குரல். தனக்கென்று தனி வாழ்க்கை இல்லை, மக்களே எல்லாம் என்று ஜெயலலிதா வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒலிப்பதிவு.

மூன்றையும் கண்டித்து எழுதப்பட்டது ஏராளம். ஸ்டிக்கர் விஷயத்தில் கண்டனம் நியாயமானதுகூட. லாரியை ஒரு மணி நேரம் நிறுத்தினால் ஒரு மணி நேரம் பசி நீளும். ஆனால் அடையாற்றங்கரையில் வீடு மூழ்கியதற்கு ஸ்டிக்கர் காரணமில்லை. அதற்கு மதகுக் கணக்கைப் பார்க்க வேண்டும். கணக்கு கடினமில்லை.

உபரி நீரை அடையாற்றில் விடும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மதகிலிருந்து விநாடிக்கு 1,000 கன அடி திறந்தால், ஒரு மணி நேரத்தில் 3.6 மில்லியன் கன அடி வெளியேறும். ஒரு நாளைக்கு 86.4 மில்லியன். இந்த ஒரே வாய்ப்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் செய்தித்தாளில் வரும் எந்த ஏரிச் செய்தியையும் எடைபோட்டுவிடலாம்.

டிசம்பர் 1 மாலை தொடங்கி 21 மணி நேரம் விடாமல் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது என்கிறது மத்திய தணிக்கைத் துறை அறிக்கை. பெருக்கிப் பார்த்தால் சுமார் 2,190 மில்லியன் கன அடி. ஏரியின் முழுக் கொள்ளளவில் 60 சதவீதம். 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த அறிக்கை, இது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று சொன்னது.

இப்போது எதிர்க்கணக்கு. மழைக்கு முன்பே விநாடிக்கு 5,000 கன அடி வீதம் இரண்டு நாள் திறந்திருந்தால் 864 மில்லியன் கன அடி இடம் கிடைத்திருக்கும். 100 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்து, முழுதும் ஓடி ஏரிக்கு வந்தால் சுமார் 353 மில்லியன் கன அடி. அதாவது அந்த 864-ஐ நிரப்ப அதே பரப்பில் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் மழை வேண்டும். அன்று பெய்தது 47. முன்கூட்டித் திறந்திருந்தால் வெள்ளமே வந்திருக்காது என்று சொல்ல முடியாது. இந்த ஏரிக்குக் கீழேயும் பக்கவாட்டிலும் இருக்கும் பல ஏரிகளின் உபரி நீரும் மதகில்லாத ஓடைகளின் நீரும் அடையாற்றில்தான் விழுகின்றன. எந்த முதல்வர் இருந்திருந்தாலும் அந்த நீர் வந்திருக்கும். ஆனால் உச்சம் தணிந்திருக்கும், ஊரை எழுப்பிச் சொல்ல அவகாசமும் கிடைத்திருக்கும்.

பொறியாளர்கள் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிநீர் ஏரி. திறந்துவிட்ட பிறகு மழை ஏமாற்றினால், கோடையில் குடத்தோடு நிற்கும் மக்கள் முன் பதில் சொல்ல வேண்டும். 2019 ஜூனில் இதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. இந்த இடத்தில்தான் தலைவர் தேவைப்படுகிறார்: "வானிலை அறிவிப்பை நம்பித் திற. மழை வராவிட்டால் பழி என்னுடையது" என்று எழுத்தில் தருவதற்கு. மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருந்ததில் நேரம் போனது என்ற குற்றச்சாட்டை அன்றைய அரசு மறுத்தது, விதிப்படியே திறந்தோம் என்றது. விதி என்ன சொல்கிறது என்பது மழைக்கு முன்பே பொதுவில் இருந்திருந்தால் அந்த வாக்குவாதத்துக்கே இடமிருந்திருக்காது.

ஆளும் கட்சி மாறினாலும் பிரச்சினை மாறுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியபோது, திமுக அரசு பெருமையாகச் சொல்லிவந்த 4,000 கோடி ரூபாய் மழைநீர் வடிகால் பணிதான் கேள்விக்குள்ளானது. செலவான தொகையைச் சொல்வது பிம்பத்துக்கு உதவும். எந்தத் தெருவில் வடிகால் ஆற்றோடு இணைந்தது, எந்தத் தெருவில் பாதியில் நிற்கிறது என்ற பட்டியல்தான் செயல்பாட்டைச் சொல்லும்.

ஓட்டு எதற்கு விழுகிறது

அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. பேரிடர் வந்த பிறகு நிவாரணம் கொடுத்த அரசுக்கு வாக்காளர்கள் ஓட்டால் நன்றி சொல்கிறார்கள். வருவதற்கு முன் தடுப்புப் பணிக்குச் செலவிட்ட அரசுக்கு அப்படி எதுவும் கிடைப்பதில்லை. அதே ஆய்வின் கணிப்புப்படி தடுப்புக்குச் செலவிடும் 1 டாலர், பின்னால் வரும் சுமார் 15 டாலர் இழப்பை மிச்சப்படுத்துகிறது. ஓர் அரசியல்வாதியின் இடத்தில் நின்று பாருங்கள்: பதினைந்து மடங்கு லாபமுள்ள வேலைக்கு ஓட்டு இல்லை, அரிசிப் பைக்கு இருக்கிறது. அவர் எதைச் செய்வார்?

தமிழ்நாட்டில் கதை கொஞ்சம் சிக்கலானது. வெள்ளம் வந்து ஆறு மாதத்தில் நடந்த 2016 தேர்தலில் அதிமுக மாநிலத்தில் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. ஆனால் 2011-இல் சென்னையின் 16 தொகுதிகளில் 14-ஐ வென்ற அந்த அணிக்கு, இந்த முறை கிடைத்தவை 6. மற்ற பத்தும் திமுகவுக்குப் போயின. கூட்டணி மாற்றம் உட்படப் பல காரணங்கள் இருக்கலாம். இருந்தாலும் வெள்ளம் பார்த்த ஊரும் தொலைக்காட்சியில் பார்த்த ஊரும் ஒரே மாதிரி தீர்ப்பெழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த மழையில் எதைப் பார்ப்பது

முதலில் பொறுப்பு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாநில ஆணையத்தின் தலைவர் முதல்வர், மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 75 சதவீதமும் மாநில அரசு 25 சதவீதமும் தருகின்றன. எனவே "மத்திய அரசு பணம் தரவில்லை" என்ற பேச்சு வரும்போது, கேட்கப்படுவது இந்த நிதியா, இதற்கு மேலான கூடுதல் நிதியா என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டையும் குழப்பிப் பேசுவது எல்லாக் கட்சிக்கும் வசதி.

அடுத்து, நேரங்களை எழுதி வையுங்கள். வானிலை மையத்தின் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்த நேரம். ஏரி நீர்மட்டமும் திறப்பும் பற்றிய அறிவிப்பு வந்த நேரம். உங்கள் தெருவுக்கு ஆட்டோ ஒலிபெருக்கியோ குறுஞ்செய்தியோ வந்த நேரம். முதல் படகு வந்த நேரம். முதல் இரண்டுக்கும் இடையில் பல மணி நேரம் இடைவெளி என்றால் முடிவெடுப்பதில் சிக்கல், அது மேலே இருப்பவர் பொறுப்பு. அறிவிப்பு சீக்கிரம் வந்தும் தெருவுக்கு வரவில்லை என்றால் கடத்துவதில் சிக்கல், அது மாநகராட்சியும் வருவாய்த்துறையும் சேர்ந்த பொறுப்பு. எல்லாம் சரியாக நடந்தும் படகு இல்லை என்றால் முந்தைய ஆண்டின் கொள்முதலைத் தோண்ட வேண்டும்.

தலைவர் வருகிறார் என்றால், அன்று ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். வருகைக்கு முந்தைய நாள் முழுக்கப் பாதை பார்ப்பதிலும் தடுப்பு கட்டுவதிலும் போய்விடும். நீர் வடிந்த பிறகு வரும் வருகையால் இந்தக் கெடுதல் குறைவு. சில நேரம் நன்மையும் உண்டு: மேலதிகாரி நாலு நாளாகக் கையெழுத்திடாத கோப்பு முதல்வர் வரும் காலையில் கையெழுத்தாகும்.

தணிக்கை அறிக்கை வர இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவிலோ அதை ஒட்டியோ தொடங்குகிறது. கால்வாய் தூர்வாரும் பணிக்கான ஒப்பந்தப்புள்ளிகள் அரசின் மின்கொள்முதல் தளத்தில் தேதியோடு வெளியாகின்றன. பணி ஆணை ஜூனில் கொடுக்கப்பட்டிருந்தால் வேலை முடிய வாய்ப்பு உண்டு. செப்டம்பர் கடைசியில் கொடுக்கப்பட்டிருந்தால், அள்ளிய சேறு கரையிலேயே குவிந்து கிடந்து முதல் மழையில் மறுபடி கால்வாய்க்குள் இறங்கும். உங்கள் வார்டுக் கால்வாயின் பணி ஆணைத் தேதியை மாநகராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. ஆகஸ்டில் கேட்டால் மழைக்கு முன் கையில் இருக்கும்.